நாளொன்றுக்குப் பதினோரு கிலோமீட்டர்

கணவர் இறந்த பத்தாம் நாள், பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு, நஜீமா ஐஸ்லாந்துக்குப் புறப்பட்டாள்.

பாலக்கரையில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்த அந்த வீட்டின் வாசற்படியை அவள் தாண்டவில்லை. தாண்டவும் கூடாது. அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும்; நகையும் பூவும் அத்தரும் வண்ணச் சேலையும் கூடாது; அந்நிய ஆண்களின் முன்னால் வரக் கூடாது. பிறைக்கணக்கில் அது நூற்றிருபத்தெட்டு நாள். ஒன்பது கழிந்திருந்தன. எஞ்சியவை நூற்றுப் பத்தொன்பது.

அப்துல் மாலிக் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்து, அங்கேயே மாரடைப்பில் இறந்து, அங்கேயே அடக்கமான அந்தத் தீவு நாட்டைச் சுற்றி ஒரே ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. அதன் நீளம் ஆயிரத்து முந்நூற்றிருபது கிலோமீட்டர். நஜீமா ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் வகுத்துப் பார்த்தாள். நாளொன்றுக்கு ஏறத்தாழப் பதினோரு கிலோமீட்டர் போனால், இத்தா முடியும் நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்.

புறப்பட்ட இடம் தலைநகரத்து அடக்கத்தலத்தின் வாசல். அதன் ஒரு மூலையில் முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கிய சிறு நிலத்தில் அவருடைய கபுர் இருந்தது. மய்யித்தை ஊருக்குக் கொண்டுவரப் பன்னிரண்டு நாளாவது ஆகும் என்று தொலைபேசியில் சொன்னபோது, "வேணாம், அங்கேயே அடக்கிடுங்க. காக்க வைக்கக் கூடாது" என்று சொன்னவள் அவள்தான். சொன்னது முறையான சொல். 

பயணத்துக்கு வேண்டியது ஒரு கைப்பேசி மட்டுமே. உலகப்படத்தைத் திறந்து ஒரு சாலையின் மேல் விரலை வைத்தால், அந்தச் சாலையில் நாமே நிற்பதுபோல் காட்சி விரிகிறது. தலையில் கேமரா பொருத்திய கார் ஒன்று என்றைக்கோ அந்த வழியாகப் போனபோது அடிக்கு அடி எடுத்த படங்கள் அவை. அம்புக்குறியைத் தட்டினால் ஓர் எட்டு முன்னே போகலாம். தொலைவில் தட்டினால் பல எட்டுத் தாண்டலாம். இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக் கொடுத்தவள் மாடியில் குடியிருக்கும் மஹ்ஜபீன். அப்துல் மாலிக்கின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பள்ளி விட்டுக் காவிரிப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் வந்து சேர மாலை ஐந்து மணியாகும். வந்ததும் இரண்டு டம்ளர் தேநீரோடு கீழே இறங்குவாள்.

"எங்க மதினி இருக்கீங்க?" என்பதுதான் அவளுடைய முதற்கேள்வி.

"ஒரு பாலத்துக்கிட்ட. ஒத்தக் கார்தான் போகும்போல. எதிர்க்க ஒண்ணு வந்தா நின்னு வழி விடணும்."

"எதிர்க்க யாரு வர்றா?"

"யாருமில்ல. காலையிலேருந்து ஒரு ஈ காக்கா இல்ல."

இரண்டாம் நாள் சாலை ஒரு கடைத்தெரு வழியாகப் போனபோது, அங்கே நடமாடிய ஆண்களைக் கண்டு நஜீமா திடுக்கிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டாள். இத்தாவில் இருந்துகொண்டு அந்நிய ஆண்களைப் பார்க்கலாமா? மஹ்ஜபீன் அதை நிமிர்த்திப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒருத்தனுக்கும் மூஞ்சியே இல்ல, நல்லாப் பாருங்க. எல்லா மூஞ்சியையும் படம் எடுத்தவனே கலைச்சு விட்டுட்டான். உங்க இத்தாவுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு மதினி. நீங்க தாராளமா நடங்க."

உண்மைதான். ஒவ்வொரு முகத்தின் மேலும் ஈரக்கையால் அழித்தாற்போல் ஒரு மங்கல் இருந்தது. நஜீமாவுக்கு அது கண்ணியமாகத் தோன்றியது. அவள் மேலே நடந்தாள்.

அவள் எதைத் தேடிப் போகிறாள் என்பது மஹ்ஜபீனுக்கும் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதம். தினமும் மாலை ஐந்தரைக்கு, அங்கே அவருக்கு நண்பகல் இடைவேளை விடும் நேரத்தில், அப்துல் மாலிக்கின் அழைப்பு வரும். அன்றைக்கு அவர் குரலில் ஒரே உற்சாகம்.

"இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? உலகப்படம் எடுக்கிற கார் நம்ம கம்பெனிப் பக்கம் வந்துச்சு. வழி தப்பி உள்ள பூந்துட்டு, வெளிய போகத் தெரியாம திண்டாடுறான். நான் கையைத் தூக்கிக் காமிச்சேன். உலகம் பூரா இனிமே என்னைப் பார்க்கலாம். நீயும் ஒருநாள் பாரு."

அதே மூச்சில், வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று ஆண்டு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதையும் சொன்னார்.

"உங்க படத்தை வச்சு நான் என்னங்க பண்றது? எனக்கு ஆளு வேணும்" என்றாள் நஜீமா.

 அவர் வழக்கம்போல், "சரி. அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். அவள் பதில் சலாம் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்தாள். மறுநாள் இருவரும் பேசிக்கொண்டார்கள்; அதற்குப் பிறகு எத்தனையோ நாள் பேசிக்கொண்டார்கள். ஆனால் படத்தைப் பற்றி அவர் மறுபடி வாய் திறக்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டிய அந்த மனிதரை உயிரோடு பார்க்க இப்போது அந்த ஓர் இடம்தான் மிச்சம்.

"ஊர்ப் பேரை அடிச்சா ஒரே நிமிஷத்துல போயிடலாமே மதினி" என்று முதல் நாளே சொன்னாள் மஹ்ஜபீன்.

"போயிட்டு? மிச்ச நாளைக்கு என்ன பண்றது?"



அவர் இருந்த ஊர் தீவின் கிழக்குக் கரையில், கடல் மலைகளுக்கிடையே நீண்டு புகுந்த ஒரு குடாவின் ஓரத்தில் இருந்தது. தெற்குக் கரை வழியாகப் போனால் அறுநூறு கிலோமீட்டர்; நஜீமாவின் கணக்கில் ஐம்பத்தைந்தாம் நாள். பாலக்கரையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகன் அங்கே போயும் கருவாட்டு வேலையே பார்த்தார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த நாட்டில் மீனின் தலையை யாரும் தின்பதில்லை. தலைகளை மட்டும் தனியே உலர்த்தி, மூட்டை கட்டி, ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். முதன்முறை ஊருக்கு வந்தபோது அவர் அந்நாட்டுக் கருவாடு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நஜீமா வழக்கம்போல் வெந்நீரில் ஊறவைத்து, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். உப்புக் கருவாட்டுக்கு வைக்கிற குழம்பு என்பதால் உப்பும் போடவில்லை. மீன் பஞ்சுநூலாய்க் கரைந்து, உப்பில்லாத வெறுங்குழம்பு இலைக்கு வந்தது.

"அடியே, அதுல உப்பே கிடையாதுடி. காத்துலயே காய வைக்கிறது. வெண்ணெயைத் தடவி பிஸ்கோத்து மாதிரி கடிக்கணும்" என்று அவர் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து மஹ்ஜபீன் இறங்கி வந்துவிட்டாள்.

ஆறு ஆண்டுகளாக அவர் சொன்னவற்றில் பாதியை நஜீமா நம்பியதில்லை. மரமே இல்லாத நாடு என்றார். கோடையில் இருட்டாது என்றார். குழாயைத் திறந்தால் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் என்றார். அந்த நாட்டாருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போலவே அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள், கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயர் மாறாது என்றார். ஒருமுறை, பாறைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் குடியிருப்பதாகச் சொல்லி, பாறையை உடைக்காமல் ரோட்டையே வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"ஜின்னா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"சும்மா கதை விடாதீங்க."

இப்போது ஒவ்வொன்றாக அவருடைய பேச்சு மெய்யாகிக்கொண்டு வந்தது. மரம் இல்லை. மைல் கணக்கில் எரிமலைக் குழம்பு கருங்கல்லாய் உறைந்து கிடந்தது. அதன் மேல் கம்பளிபோல் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. மலை விளிம்பிலிருந்து அருவிகள் ஆளே இல்லாத வயல்களில் விழுந்தன. தாயும் இரண்டு குட்டிகளுமாக மூன்று மூன்று ஆடுகள் சாலையோரம் மேய்ந்தன. பத்து வீடுகூட இல்லாத இடத்தில் சிவப்புக் கூரையோடு ஒரு சின்னஞ்சிறு தேவாலயம் நின்றது. இருபத்தேழாம் நாள், சமவெளியில் காரணமே இல்லாமல் சாலை ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது. நஜீமா அங்கே சற்று நேரம் நின்றாள். அவள் உதடுகள் அறியாமலே பிஸ்மில்லாஹ் சொல்லின. "இதுதானா அது?" என்று கேட்க வாயெடுத்து, கேட்பதற்கு ஆளில்லை என்பது நினைவுக்கு வந்து, மேலே நடந்தாள்.

விசித்திரமான நாடு என்றால், படம் அதைவிட விசித்திரம். ஒரு தட்டில் வெயில் காய்ந்தது. மறு தட்டில் மழை பெய்தது. ஓரிடத்தில் சாலையோரம் ஊதாப் பூ மண்டிக் கிடந்தது. ஓர் எட்டு வைத்ததும் பூ முழுவதும் மறைந்து புல் பழுத்திருந்தது. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்று மஹ்ஜபீன் விளக்கினாள். மூலையில் மாதமும் ஆண்டும் பொடி எழுத்தில் இருந்தன.

முப்பத்திரண்டாம் நாள், பனிமலையின் துண்டுகள் ஓர் ஏரியில் நீலமாக மிதந்து, பாலத்துக்கடியில் புகுந்து, கறுப்பு மணலில் கரையேறிக் கிடந்த இடத்தில் நஜீமா நின்றிருந்தாள். தெருவில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மஹ்ஜபீன் நனைந்த முந்தானையைப் பிழிந்தபடியே வந்தாள். அவளுடைய பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலம் எட்டிப் பார்த்தது. நஜீமா பார்த்துவிட்டாள் என்றதும் அவள் அதை உள்ளே தள்ளினாள்.

"பவுனம்மா கொடுத்துட்டா. எப்பவும் ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டுவாள்ல... மாலைச் சந்தடியில நானும் யோசிக்காம வாங்கிட்டேன்."

பவுனம்மாள் ஸ்ரீரங்கம் பஸ் நிறுத்தத்தில் பூ விற்பவள்.

"நீ வச்சுக்கம்மா. வாடிப் போகுமுல்ல" என்றாள் நஜீமா.

மஹ்ஜபீன் பூவை எடுக்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே வேறு எதையோ சொல்லத் தயங்குவது தெரிந்தது.

"மதினி, ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. அந்தக் கார் திரும்பத் திரும்ப வருமாம். புதுப் படம் எடுத்துட்டா பழசு மேல வராதாம். எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னாங்க. நீங்க இப்படி ஆமை மாதிரி போயிட்டிருந்தா... இன்னிக்கே பாத்துடலாமே."

நஜீமா ஏரியைப் பார்த்தபடி இருந்தாள்.  விரல் தேடல் கட்டத்தின் மேல் போய் நின்றது. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைக்கூட அடித்துவிட்டாள். பிறகு அழித்தாள்.

"அவர் வர்றதுக்கு நான் ஆறு வருஷம் உக்காந்திருந்தேன். நான் போறதுக்கு அவர் அம்பது நாள் நிக்க மாட்டாரா?"

"அது அவரில்ல மதினி, படம்" என்றாள் மஹ்ஜபீன் மெல்ல. சற்றுப் பொறுத்து, "அதோட... மூஞ்சி இருக்காது. எல்லாரையும் கலைச்ச மாதிரி அண்ணனையும் கலைச்சிருப்பான்" என்றாள்.

அதை நஜீமா அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணியம் என்று அவள் மெச்சிய மங்கல், அவளுக்கும் அவருக்கும் நடுவிலும் வந்து நிற்கும். அன்றைக்கு அவள் ஒன்பது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டாள். மறுநாள் பதின்மூன்று போய் ஈடுகட்டினாள்.

திருமணமான புதிதில் அப்துல் மாலிக் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காவிரிப் பாலத்தைத் தாண்டி, அம்மா மண்டபம் வழியாகப் போய், கொள்ளிடக் கரையில் நிறுத்திக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து, திருவானைக்காவல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். "ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கிறது தீவுதானே? ஒரு தீவையே சுத்திக் காமிச்சிட்டேன், இனிமே எங்கேயும் கூட்டிட்டுப் போகலைன்னு சொல்லக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு அவர் சவூதிக்குப் போனார். அங்கிருந்து வந்து ஐஸ்லாந்துக்குப் போனார். பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு சுற்றுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து போன பயணம்.

கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்தது. ஐம்பத்தைந்தாம் நாள் அஸருக்குப் பின் நஜீமா வெள்ளைச் சேலையின் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். குடாவின் வளைவைச் சுற்றிச் சாலை இறங்கியது. நீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மலையின் உச்சியில் பனிக் கோடுகள். முதலில் எண்ணெய்த் தொட்டிகள், பிறகு தகரக் கூரை வீடுகள், பிறகு அவர் அனுப்பிய படங்களில் பார்த்த நீண்ட வெள்ளைக் கட்டடம்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை.

அவள் நாற்புறமும் திருப்பிப் பார்த்தாள். மீன் காயவைக்கும் மரச்சட்டங்களையும் காணோம். நீலத் தார்ப்பாயால் மூடிய மூட்டைகள் மட்டும் இருந்தன. மூலையில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தாள். ஜூன் 2025. கார் மறுபடி வந்து போயிருக்கிறது. ஜூன் மாதத்தில் அவர் உயிரோடு அந்தக் கட்டடத்துக்குள்தான் எங்கேயோ இருந்திருப்பார், வெளியே வரவில்லை. பழைய படம் போய்விட்டது. அவளுடைய ஒழுங்கும் அவளுடைய பதினோரு கிலோமீட்டரும் அதைத் தொலைத்துவிட்டன. முதல் நாளே பார்த்திருந்தாலும் இதுதான் இருந்திருக்கும் என்று புத்தி சொன்னது. மனம் அதை ஏற்கவில்லை.

அப்போது அவளுக்கு அவருடைய குரல் நினைவுக்கு வந்தது. வழி தப்பி உள்ளே புகுந்துவிட்டான். வெளியே போகத் தெரியாமல் திண்டாடுகிறான்.

நெடுஞ்சாலையில் யாரும் வழி தப்புவதில்லை.

கட்டடத்தின் பக்கவாட்டில், கடலைப் பார்த்து ஒரு மண்சந்து இறங்கியது. இத்தனை நாளில் நஜீமா ஒருமுறைகூடச் சாலையை விட்டு விலகியதில்லை. கணக்கு கெட்டுவிடும். இப்போது விலகினாள். ஒரு தட்டு. வானம் சட்டென்று நிறம் மாறிற்று. தார்ப்பாய் மூட்டைகள் மறைந்தன. மூலையில் ஆகஸ்டு 2022. அவசியமில்லாத சந்துக்குள் கார் இரண்டாம் முறை வரவில்லை.

இன்னொரு தட்டு. ஆள் உயர மரச்சட்டங்கள். அவற்றில் கொத்துக் கொத்தாக மீன்தலைகள், எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு. சட்டங்களுக்கிடையே ஒரு கயிறு. கயிற்றில், உலகத்தின் அந்தக் கோடியில், மீன்தலைகளின் நடுவே, பச்சைக் கட்டம்போட்ட கைலி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பெரிய கடைவீதியில் அவள் வாங்கிக் கொடுத்தனுப்பிய கைலி.

 இன்னொரு தட்டு.

காற்று கைலியை ஒருபக்கமாக உயர்த்தியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு ரப்பர் பூட்ஸ். அதற்கு மேலே, முழங்கை வரை சட்டை மடித்த ஒரு வலக்கை. நடுவில் இருக்க வேண்டிய ஆளைக் கைலி முழுவதுமாக மறைத்திருந்தது. முகத்தைக் கலைக்கும் வேலைகூடப் படம் எடுத்தவனுக்கு இல்லாமல் போயிற்று. கையை மட்டும் யாரும் கலைக்கவில்லை. விரித்த உள்ளங்கைக்குக் கீழே, மணிக்கட்டின் உட்பக்கத்தில், கடிகாரத்தின் முகம் வெளுப்பாகத் தெரிந்தது. கருவாட்டு மூட்டை தூக்கும்போது கண்ணாடி கீறாமல் இருக்க வேண்டும் என்று சிறுவயதில் கடை வைத்திருந்த அவருடைய அத்தா சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. கடைசிவரை அப்படித்தான் கட்டினார்.

மஹ்ஜபீன் தேநீரோடு வந்தபோது நஜீமா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கிடைச்சுதா? எங்க, எங்க?" என்று குனிந்தவள் சற்று நேரம் தேடினாள். "மூஞ்சி தெரியலையே மதினி."

"கை தெரியுது பாரு."

மஹ்ஜபீன் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று அவள் விரலை வைத்ததும் படம் ஓர் எட்டு நகர்ந்துவிட்டது. அங்கே கடல் இருந்தது, ஒரு தடுப்புக் கட்டை இருந்தது, சந்து முடிந்திருந்தது. ஆள் இல்லை.

"அய்யோ, எங்க போயிட்டாரு?"

"பதறாத. இங்கதான்." நஜீமா ஓர் எட்டுப் பின்வாங்கினாள். கை மறுபடி வந்தது.

அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்தச் சந்து முட்டுச்சந்து. வந்த வழியே திரும்பினால்தான் சாலையைப் பிடிக்க முடியும். திரும்ப வேண்டுமானால் அவருக்கு முதுகு காட்ட வேண்டும். அடுத்த கார் இந்தச் சந்துக்குள் எப்போது வழி தப்பும் என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை நகர்ந்துவிட்டுத் திரும்பி வரும்போது இந்த ஆகஸ்டு இருக்காமலே போகலாம். நகராமல் இருந்தால், இத்தா முடியும் நாளில் கபுர்வாசலில் அவள் நிற்க மாட்டாள்.

மஹ்ஜபீன் கேட்டாள். "இங்கேயே இருந்துடப் போறீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு நஜீமா அந்தக் கையை நெடுநேரம் பார்த்தாள். வேலைக்கு நடுவில், வழி தெரியாத ஓர் அந்நியனுக்காகத் தூக்கிய கை. இடைவேளை விட்டதும் அதே கைதான் அவளை அழைத்திருக்க வேண்டும். சலாம் சொன்னவருக்குப் பதில் சலாம் சொல்வது கடமை. கோபம் அதற்கு விலக்கு ஆகாது.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றாள், வெற்று அறையில், திருத்தமாக.

பிறகு படத்தைத் திருப்பினாள். கைலி போயிற்று, மீன்தலைகள் போயின, ஆகஸ்டு போயிற்று. நெடுஞ்சாலை வடக்கே ஏறியது. அவள் நாட்காட்டியைப் புரட்டிப் பின்புறத்தில் மறுபடி வகுத்தாள். எழுநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், அறுபத்து மூன்று நாள்.

இனி நாளொன்றுக்குப் பன்னிரண்டு. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்ல இன்னும் சற்று நேரம் இருந்தது. அவள் நடந்தாள்.